சண்டிகர் பாறைத் தோட்டமா, வெனிஸ் ஓட்டுத் தோட்டமா?

இரண்டுமே இடித்த கட்டடங்களின் மிச்சத்தில் பிறந்தவை.

2006 வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் சீனக் கட்டடக் கலைஞர் வாங் ஷூ, இடிப்பு நடந்த இடங்களிலிருந்து மீட்ட 66,000 ஓடுகளை வெனிஸில் பரப்பினார்; அதுதான் ஓட்டுத் தோட்டம். ஒரே பொருள், ஒரே நிறம், ஒழுங்கான அடுக்கு. அழகுதான். ஆனால் அந்த ஓடுகள் வேய்ந்திருந்த ஊர்கள் இருந்தது சீனாவில்!

சண்டிகர் கதை வேறு. புது நகரம் எழ, பழைய கிராமங்கள் இடிக்கப்பட்டன. பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957 வாக்கில் உடைந்த பீங்கான், வளையல் துண்டு, கழிப்பறைப் பீங்கான் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து, அரசு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் சிலைகள் செய்யத் தொடங்கினார். சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. 1970களில் கண்டுபிடித்த அதிகாரிகள் இடித்திருக்கலாம். மக்கள் ஆதரவு காப்பாற்றியது. 1976இல் பாறைத் தோட்டமாகத் திறந்துவிட்டார்கள், அவருக்குச் சம்பளமும் ஆட்களும் கொடுத்து! கட்டடக் கலைஞர் லு கொர்பூசியே வடிவமைத்த நேர்க்கோட்டு நகரத்துக்குள் இப்படி ஒரு வளைந்து நெளியும் உலகம்.

நுணுக்கத்துக்கு வெனிஸ். எனக்குச் சண்டிகர்தான்: எந்த மண்ணில் இடித்தார்களோ அங்கேயே நிற்கிறது, குழந்தைகள்கூட ரசிக்கிறார்கள். பராமரிப்புதான் பெரிய தலைவலி. பீங்கான் துண்டுகள் பெயர்ந்துகொண்டே இருக்கும். தற்காலிகமான கண்காட்சிப் படைப்புக்கு அந்தக் கவலை கிடையாது.