மனப்பாடமா, சொந்த வசனமா, கையில் தாளா: வாசிக்கத் தயங்கும் குழந்தைக்கு எந்த நாடகம்?

எழுத்தைக் கண்டதும் குரல் இறங்கிவிடும் குழந்தைகளுக்கு நாடகம் நன்றாகவே கைகொடுக்கும். எந்த வகை நாடகம் என்பதில்தான் பல வகுப்புகள் தடுமாறுகின்றன.

வசனத்தை மனப்பாடம் செய்து மேடையேறும் நாடகம் பார்க்க அழகு. வாசிப்புக்குப் பலன் குறைவு. தயங்கும் குழந்தை பக்கத்துப் பிள்ளை சொல்வதைக் காதாலேயே பிடித்துக்கொள்ளும். அப்புறம் தாளைப் பார்க்காது. வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்று அறிய, வசனத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். முதல் சொல்லிலிருந்து முணுமுணுத்து வந்து அதைச் சொன்னால் ஒப்பிக்கிறது. இதைவிடப் பெரிய குறை, நீள வசனம் சரளமாக வாசிப்பவருக்கும் மரம், காவலாளி வேடங்கள் தயங்குபவருக்கும் போய்விடுவது. அதிகம் வாசிக்க வேண்டிய பிள்ளை சும்மா நிற்கிறது.

தாளே இல்லாமல் சொந்த வசனம் பேசி நடிப்பது கூச்சத்தைப் போக்கும், கதையைப் புரியவைக்கும். வாசிப்பதற்கு முன் 10 நிமிடம் இதைச் செய்யலாம். ஒருமுறை பதுங்கி நடித்த குழந்தை ‘பதுங்கினான்’ என்ற சொல்லைத் தாளில் பார்க்கும்போது மிரளாது. ஆனால் எழுத்து கண்ணில் படாத பயிற்சி தனியாக வாசிப்பை வளர்க்காது.

தாளைக் கையில் வைத்துப் பார்த்து வாசிக்கும் நாடகத்தையே நாங்கள் பரிந்துரைப்போம். உடையும் மேடையும் வேண்டாம். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் சரளம் கூடும் என்று அமெரிக்க வாசிப்பு ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979-லேயே எழுதினார். ‘இன்னொரு தடவை வாசி’ என்றால் குழந்தைக்கு அது தண்டனை. ஒத்திகை என்றால் தானே கேட்டு வாசிக்கும்.

தினம் 15 முதல் 20 நிமிடம், 5 நாள் போதும். முதல் நாள் ஆசிரியர் உணர்ச்சியோடு வாசிக்க, பிள்ளைகள் விரலால் வரியைத் தொடர வேண்டும். மறுநாள் எல்லா வசனங்களையும் எல்லோரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். மூன்றாம் நாள் இருவர் இருவராகப் பாத்திரம் மாற்றி வாசிக்கலாம். அதற்குப் பிறகுதான் வேடம் பிரிக்க வேண்டும். முதல் நாளே பிரித்தால் தன் வரியை மட்டும் படித்துவிட்டு மற்ற நேரம் வேடிக்கை பார்ப்பார்கள். ஐந்தாம் நாள் சின்ன வகுப்புப் பிள்ளைகள் முன் வாசிக்கட்டும். பெற்றோர் கூட்டம் முதல் முறைக்கு வேண்டாம்.

குழுவுக்கு 5 அல்லது 6 பேர், வாசிக்க 3 நிமிடம் பிடிக்கும் பிரதி, பெரிய எழுத்து. தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ‘வந்துட்டேன்’, ‘போய்ட்டிருக்கான்’ என்று பேச்சுவழக்கை அப்படியே எழுதினால் காதுக்கு இயல்பு, கண்ணுக்குப் புதிது. புத்தகத்தில் பழகாத எழுத்துக்கூட்டலில் தொடக்க வாசகர் திக்குவார். கதைசொல்லிக்கு எழுத்துநடை, பாத்திரங்களுக்கு ‘வந்தேன்’, ‘வா போகலாம்’ போன்ற குட்டி வாக்கியங்கள் என்று வையுங்கள். ‘ஓடிக்கொண்டிருந்தபோது’ போன்ற நீளச் சொல்லுக்கு, ‘ஓடிக் / கொண்டிருந்த / போது’ என்று முதல் நாள் பலகையில் பிரித்து வாசித்துக் காட்டினால் போதும்.

தயங்கும் பிள்ளைக்கு ஒரே நீள வசனம் வேண்டாம். பிரதி முழுக்கப் பரவிய 5, 6 குறுவரிகள் கொடுங்கள். நடுவில் திக்கினால் 3 நொடி பொறுத்து, பக்கத்தில் இருப்பவர் மெல்ல எடுத்துக் கொடுக்கட்டும். ஆசிரியர் திருத்தினால் மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும்.

எழுத்துகளே இன்னும் பழகாத குழந்தைக்கு இந்த முறைக்கான நேரம் இன்னும் வரவில்லை. அதற்கு, எல்லோரும் சேர்ந்து சொல்லும் பல்லவி வரி ஒன்றை மட்டும் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.