கடலூர் முதுநகர்ப் பட்டறையும் எங்கள் தோப்பு வண்டியும்

பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளின் செம்மண் தடங்களில் நாங்கள் ஓட்டும், இருவர் அருகருகே அமரும் போலாரிஸ் நிறுவனத்தின் நான்கு சக்கரக் கரடுமுரடுத் தட வண்டிக்குச் சாலைப் பதிவு கிடையாது என்பதால், மினி லாரியில் ஏற்றித்தான் கடலூர் முதுநகரிலுள்ள இந்தப் பட்டறைக்குக் கொண்டுசென்றேன். மேட்டில் எஞ்சின் உறுமியதே தவிர வண்டி நகரவில்லை. ரப்பர் கருகிய வாடையும் வந்தது. மெக்கானிக், எஞ்சின் விசையை பெல்ட் வழியாகச் சக்கரங்களுக்குக் கடத்தும் சிவிடி அமைப்பின் மூடியைக் கழற்றி, பெல்ட்டின் ஓரம் கண்ணாடிபோல் பளபளப்பதைக் காட்டி, மேட்டிலும் மணலிலும் லோ கியர் போடாமல் ஓட்டியதே காரணம் என்றார், குற்றம் என்னுடையதுதான். ஏர் ஃபில்டரைத் தட்டியபோது ஒரு கைப்பிடிச் செம்மண் உதிர்ந்தது. புது பெல்ட் பழகும்வரை முடுக்காமல் ஓட்டச் சொன்னதும், கடற்கரை உப்புப் போக அடிப்பாகத்தை நன்னீரால் கழுவி, சஸ்பென்ஷன் மூட்டுகளுக்கு கிரீஸ் அடித்ததும் நிறைவளித்தன. பெல்ட் வந்துசேர மூன்று வாரம் ஆனதும், கூலியை முன்கூட்டியே சொல்லாததும்தான் குறை.