அச்சு அருமை, ஆல்பம் நகராது: ஒரு காலண்டர் நிறுவனத்தின் ஆன்லைன் தளம்

பட்டுக்கோட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆடி பிறந்தால் காலண்டர் ஏஜென்டும் நான்தான். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த வருடத்துக் காலண்டர் டிசைன்கள் அடங்கிய ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதன்பின் தீபாவளி வரைக்கும் எங்களுக்கு ஓட்டம்தான். அரிசி மண்டி, உரக்கடை, நகைக்கடை என்று ஏறி இறங்கி டிசைனைக் காட்டி, கடை பெயர் அச்சிட ஆர்டர் பிடிக்க வேண்டும். நான் சரக்கு எடுக்கும் நிறுவனம் இந்த வருடம் கனமான காகித ஆல்பத்தைக் குறைத்துவிட்டு, "எல்லா டிசைனும் ஆன்லைனில் இருக்கிறது, ஃபோனிலேயே காட்டுங்கள்" என்றது. பெயர் வேண்டாம். அச்சு வேலையில் அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த விமர்சனம் அவர்களுடைய இணையதளத்துக்கு மட்டும்.

பேராவூரணியில் ஒரு தேங்காய் மண்டி. முதலாளி வருடா வருடம் முருகன்தான் போடுவார். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஃபோனில் தளத்தைத் திறந்து சாமி படங்கள் பகுதிக்குப் போனேன். வெள்ளைத் திரை. அதன்மேல் வட்டம் சுற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் படம் மேலிருந்து கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. கிரீடம் வந்தது, நெற்றித் திருநீறு வந்தது, வேலின் நுனி வந்தது. அதோடு நின்றுவிட்டது. கீழே முழுக்கச் சாம்பல் நிறம். "என்ன தம்பி, முருகன் வந்துட்டாரு, மயில் பின்னாடி பஸ்ஸுல வருதா?" என்றார் முதலாளி. சிரித்துவிட்டுத் தேங்காய் எண்ணப் போய்விட்டார். சிக்னல் இல்லாத இடம் என்று சொல்ல முடியாது. அதே கல்லாவில் அவருடைய பேரன் யூடியூபில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை.

கடைக்கு வந்து ஒரு படத்தைக் கணினியில் இறக்கிப் பார்த்தேன். 3600-க்கு 5400 பிக்சல். டிடிபிகாரனுக்கு அந்த எண்ணைப் பார்த்தவுடனே புரிந்துவிடும். 12-க்கு 18 அங்குலத் தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அச்சடிக்கத் தயார் செய்த கோப்பு அது. நிறமும் திரைக்கானது இல்லை, அச்சு மைக்கான சிஎம்ஒய்கே முறை. அச்சு பிளேட் போடுவதற்கு அனுப்ப வேண்டியதை அப்படியே இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். என் ஃபோன் திரையின் அகலம் 1080 பிக்சல்தான், அதிலும் தளம் வரிசைக்கு இரண்டு படமாகக் காட்டுகிறது. ஆக, ஒரு முருகனுக்குக் கிடைப்பது ஐந்நூற்றுச் சொச்சம் பிக்சல் அகலம். அந்த இடத்துக்கு 3600 பிக்சலை வரவழைத்து, ஃபோன் அதைச் சுருக்கிக் காட்டுகிறது. நிறமும் கெட்டுவிடுகிறது. அச்சில் பளீரென்று இருக்கும் மயில் கழுத்து நீலம் திரையில் சாயம்போன மாதிரி தெரிகிறது.

இறக்கிய படங்கள் ஒவ்வொன்றும் 6 எம்பியிலிருந்து 9 எம்பி வரை இருந்தன. ஒரு பக்கத்தில் 40 டிசைன். சராசரியாக ஏழரை எம்பி என்று வைத்தாலும் ஒரு பக்கத்துக்கு 300 எம்பி. என் ரீசார்ஜில் நாளுக்கு 1.5 ஜிபி. அப்படியானால் ஐந்து பக்கம் காட்டினால் அன்றைய டேட்டா காலி. தேவைக்கேற்ப 400, 500 பிக்சல் அகலத்தில் சுருக்கி வைத்தால் ஒரு படம் 40 கேபியில் அடங்கும், மொத்தப் பக்கமும் 2 எம்பியைத் தாண்டாது. தொட்டால் மட்டும் பெரிய படம் வரட்டும். ஃபோட்டோஷாப்பில் சுருக்கும் வேலையை ஒருமுறை செய்து காட்டி ஒரு ஆக்‌ஷன் பதிந்துவிட்டால் மொத்த ஆல்பத்தையும் ஒரு மதியத்தில் சுருக்கிவிடலாம். இதைச் செய்யத் தெரியாத ஆள் சிவகாசியில் இருக்கிறாரா என்ன?

இன்னொன்று, திரைக்குக் கீழே, இன்னும் விரல் நகர்த்திப் போகாத இடத்தில் இருக்கும் படங்களும் சேர்ந்து ஒரே நேரத்தில் இறங்குகின்றன. முதல் முருகன் பாதியில் நிற்பதற்கு அதுவும் காரணம். நாற்பது பேரும் ஒரே வாசலில் முண்டுகிறார்கள். சென்னையில் வெப் வேலை பார்க்கும் என் மச்சினனிடம் கேட்டேன். "படத்துக்கான புரோகிராம் கோடில் ஒரு சொல் சேர்த்தா போதும் மாமா, கீழ போகப் போகத்தான் இறங்கும். குரோம்ல 2019-லயே வந்துடுச்சு" என்றான். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசச் சோதனையையும் அவன்தான் காட்டினான். முகவரியைக் கொடுத்தால் நூற்றுக்கு மதிப்பெண் போடும். 90-க்கு மேல் பச்சை, 50-க்குக் கீழே சிவப்பு. பக்கத்தின் முக்கியமான படம் இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும், 4 விநாடியைத் தாண்டினால் மோசம் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் சாமி படப் பக்கம் நல்ல குங்குமச் சிவப்பு.

எழுத்து விஷயம் இன்னும் வேடிக்கை. பக்கம் திறந்தவுடன் டிசைன் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை தெரிகிறது. கொஞ்சம் கழித்துத் திடீரென்று எல்லாம் தமிழாக மாறுகிறது. அச்சுக்கோப்பில் பாமினி எழுத்துருவில் (உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டும்) அடித்த பெயர்களை அப்படியே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். எழுத்துரு இறங்கும் வரை குப்பை, இறங்கியபின் தமிழ். ஆனால் கண்ணுக்குத்தான் தமிழ். தேடல் பெட்டியில் "முருகன்" என்று ஃபோனில் அடித்தால் "டிசைன் இல்லை" என்கிறது, ஏனென்றால் ஃபோன் அடிப்பது யூனிகோடு, அதாவது எந்தக் கருவியிலும் தமிழைத் தமிழாகவே பதியும் பொது முறை. தமிழ்நாட்டு அரசே 2010-ல் யூனிகோடுக்கு வந்துவிட்டது. தேடல் வேலை செய்யாததால் பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும், அந்த 300 எம்பி பக்கங்களை.

ஒரு டிசைனைத் தொட்டுப் பெரிதாகப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தால், விட்ட இடத்துக்கு வராது. முதல் படத்திலிருந்து மறுபடி இறங்கும். கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் லாகின் போய்விடும், தேர்ந்தெடுத்து வைத்த பட்டியலும் அதோடு போகும். கடைக்காரர் வீட்டம்மாவிடம் ஃபோனில் கேட்டுச் சொல்லும் நேரம் கூடத் தளம் தாங்குவதில்லை. ஆடி கடைசியில் ஏஜென்டுகள் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தபோது 508 என்று ஒரு எண்ணைப் போட்டுப் படுத்தேவிட்டது. பலரும் பங்குபோடும் மலிவான சர்வரில் ஒதுக்கிய அளவு தீர்ந்தால் வரும் எண் அது என்றான் மச்சினன். வருடத்தில் எந்த மாதம் கூட்டம் வரும் என்று காலண்டர் போடுகிறவர்களுக்கே தெரியாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஹெல்ப்லைனில் பேசிய பெண் பொறுமையானவர். "உங்க பக்கம் நெட் ஸ்லோவா இருக்கும் சார், ரீஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க" என்றார். ரீஃப்ரெஷ் பண்ணினால் இன்னொரு 300 எம்பி. ஆனால் அவரே கடைசியில், "டிசைன் நம்பர் மட்டும் வாட்ஸப்ல அனுப்புங்க சார், நான் ஆர்டர் போட்டுடறேன்" என்றார். சொன்னபடி போட்டும் கொடுத்தார்.

இப்போது நான் செய்வது இதுதான். காலையில் கடை திறக்குமுன் பிராட்பேண்டில் தளத்தைத் திறந்துவிட்டுக் காபி குடிக்கப் போவேன். வந்து பார்த்தால் படங்கள் இறங்கியிருக்கும். வேண்டியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, டிசைன் எண்ணோடு கடைக்காரர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்புவேன். வாட்ஸப் அதை இன்னும் சுருக்கித்தான் அனுப்புகிறது. அந்தச் சின்னப் படத்தைப் பார்த்துத்தான் நகைக்கடைக்காரர் லட்சுமியைத் தேர்ந்தெடுத்தார், தேங்காய் மண்டிக்காரரும் முருகனை உறுதி செய்தார். ஒருத்தர் கூட "படம் தெளிவில்லையே" என்று சொல்லவில்லை. டிசைனைத் தேர்வு செய்ய அவ்வளவு சின்னப் படமே போதும்.

சரக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மாதிரிக்கு வந்த காலண்டரில் ஃபாயில் ஒட்டு சீராக இருக்கிறது, வேலின் ஓரத்தில் கூடப் பிசிறில்லை. அட்டை வளையவில்லை. கடை பெயர் புரூஃப் சொன்ன நாளில் வந்தது, திருத்தம் சொன்னால் முகம் சுளிக்காமல் மாற்றுகிறார்கள். லாரி பார்சலில் மூலை நசுங்காமல் வந்து சேர்கிறது. சரக்குக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகத் தருவேன். தளத்துக்கு ஒன்று, அதுவும் அந்த ஹெல்ப்லைன் பெண்ணுக்காக.

புதிதாக ஏஜென்சி எடுப்பவர்கள் முன்பணம் கட்டும்போதே காகித ஆல்பம் ஒன்று கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்டால் தருகிறார்கள், தானாகத் தருவதில்லை. ஆன்லைனில் பார்ப்பதாக இருந்தால் பிடித்த டிசைன் எண்ணை அப்போதே பில் புக்கின் பின்னட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். தளத்தின் "விருப்பப் பட்டியல்" பொத்தானை நம்பாதீர்கள்.