வெளியேறச் சட்டமா, கையெழுத்திட மறுப்பதா? மீன்பிடி மானியமும் ராமநாதபுரம் கடற்கரையும்

விசைப்படகுக்கான டீசல் மானியத்தில் உலக வர்த்தக அமைப்பு கை வைக்கும் என்றால், அந்த அமைப்பை விட்டே வெளியேறச் சட்டம் கொண்டுவரலாமே என்று பாம்பனிலோ மண்டபத்திலோ ஒருவருக்குத் தோன்றுவது இயல்பு. அதற்கு வழி இருக்கிறது. அந்த அமைப்பை நிறுவிய மாரகேஷ் ஒப்பந்தத்தின் 15ஆவது பிரிவின்படி, எழுத்து மூலம் அறிவித்து 6 மாதம் கழிந்தால் எந்த நாடும் விலகிவிடலாம்.

இந்தியாவில் இதை மத்திய அரசே செய்துவிட முடியும். நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியாக வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்காவிலோ, 1994ஆம் ஆண்டுச் சட்டம் 5 ஆண்டுக்கு ஒருமுறை இக்கேள்வியை எழுப்ப நாடாளுமன்றத்துக்கு இடமளித்தது. பிரதிநிதிகள் சபையில் விலகல் தீர்மானம் 2000இல் 56–363 என்றும், 2005இல் 86–338 என்றும் தோற்றது. அறிவிப்பைவிடச் சட்டமே மேல் என்பேன். சட்டம் என்றால், இந்தத் தொகுதியின் உறுப்பினர் அவையில் வாய் திறந்தாக வேண்டியிருக்கும்.

ஆனால் எந்த வழியில் வெளியேறினாலும், நம் இறாலுக்கும் கணவாய்க்கும் பிற நாடுகள் விதிக்கும் வரிக்கு உள்ள உச்சவரம்பை நாம் கேட்டுப் பெறும் உரிமை போய்விடும். (உள்ளே இருக்கும்போதே 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியது என்பதும் உண்மைதான்; அதற்காக ஜப்பானிடமும் ஐரோப்பாவிடமும் உள்ள பிடியையும் விடுவானேன்?) ஏற்றுமதி நிறுவனம் வரியைத் தன் தலையில் சுமக்காது, கரையில் கிலோவுக்குக் கொடுக்கும் விலையில்தான் குறைக்கும்.

மூன்றாவது வழி, அமைப்பில் இருந்துகொண்டே மீன்பிடி மானிய ஒப்பந்தத்தை மட்டும் ஏற்காமலிருப்பது. 2022 ஜூனில் ஜெனீவாவில் நிறைவேறிய அது 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தபோதும் இந்தியா அதை ஏற்றிருக்கவில்லை. ஏற்காத நாட்டை அது கட்டுப்படுத்தாது. நம் கடற்கரை கூர்ந்து படிக்க வேண்டியது அதன் 3ஆவது பிரிவை. தன் கடல் எல்லைக்குள் ஒரு படகு சட்டவிரோதமாக மீன் பிடித்தது என்று கடலோர நாடு உரிய நடைமுறைப்படி முடிவு செய்தால், அந்தப் படகுக்கோ அதை இயக்குபவருக்கோ அவருடைய அரசு மானியம் தரக் கூடாது என்கிறது அது. தடை எத்தனை காலம் என்பதை மட்டும் மானியம் தரும் நாடு தீர்மானிக்கலாம். பாக் நீரிணையில் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துச் செல்லும் ராமேஸ்வரம் படகுகளை இந்த வரியோடு சேர்த்துப் பார்த்தால், டெல்லி தயங்குவதன் பொருள் இங்குள்ளவர்களுக்குச் சட்டென விளங்கும். வளரும் நாடுகளுக்குத் தரப்பட்ட 2 ஆண்டு விலக்கும் அவரவர் பொருளாதார மண்டலத்துக்குள், அதாவது அந்தந்த நாட்டுக்கே மீன்பிடி உரிமையுள்ள கடல் பகுதிக்குள் மட்டுமே செல்லும். எல்லைக்கு அப்பால் பிடிபட்ட படகுக்கு அது உதவாது.

ஆகவே, சிறு தொழில் செய்யும் மீனவருக்கு மானியத்தைத் தொடர 25 ஆண்டு அவகாசம் கேட்டு இந்தியா வாதாடும் இப்போதைய நிலையே என் தேர்வு. அந்த வாதத்தை வைக்க மேசையில் நாற்காலி வேண்டும், வெளியேறியவருக்கு அது கிடையாது.