பாங்காக் செலவுக்கு ஏடிஎம்மா, ஃபாரெக்ஸ் கார்டா, கையில் டாலரா?

தாய்லாந்து ஏடிஎம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் புலம்புவது அந்த 220 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டணத்தைப் பற்றித்தான். வெளிநாட்டு கார்டைச் செருகினால் ஒவ்வொரு முறையும் அங்குள்ள வங்கி அதைப் பிடித்துக்கொள்ளும், சில வங்கிகள் இன்னும் கூடக் கேட்கும். 2,000 பாட் எடுப்பவருக்கு அது 11 சதவீதம், 20,000 எடுப்பவருக்கு வெறும் 1.1 சதவீதம்.

பெரிய தொகை எடுப்பவருக்கு அடி விழுவது நம் ஊர் வங்கியிடமிருந்து. பல டெபிட் கார்டுகளில் 3.5 சதவீதம் வரை மார்க்அப் (வெளிநாட்டுப் பணமாக மாற்ற வங்கி பிடிக்கும் கட்டணம்), அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம், 20,000 பாட்டுக்கு 826 பாட். இது அங்கே ஏடிஎம் திரையில் தெரியாது, ஸ்டேட்மென்ட்டில்தான் தெரியும், அதனால் யாரும் திட்டுவதில்லை! கணக்குப் போட்டால் சுமார் 5,300 பாட்டுக்குக் கீழே 220தான் பெரிய செலவு, அதற்கு மேலே போனால் மார்க்அப்தான். அதனால் மார்க்அப் இல்லாத டெபிட் கார்டு ஒன்று இருந்தால், எடுப்பதை ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், ரூபாயிலேயே கணக்கிடட்டுமா என்று இயந்திரம் கேட்கும். வேண்டாம் என்றே அழுத்துங்கள், பணம் எப்படியும் வரும். சரி என்றால் அந்த ஏடிஎம்காரர்கள் வைத்த மாற்று விலைதான், பெரும்பாலும் அது மோசமான விலை.

ஃபாரெக்ஸ் கார்டு என்பது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் கார்டு. அதில் பாட் ஏற்றினால் மார்க்அப் தொல்லை இல்லை, விலையும் ஏற்றும்போதே முடிவாகிவிடும். ஆனால் 220ஐ அது தடுக்காது. டாலர் ஏற்றிய கார்டில் பாட் எடுத்தால் மறுபடியும் மாற்றுக் கட்டணம், பிறகு அதை வாங்கி என்ன பயன்? கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

என் ஓட்டு கையில் டாலருக்குத்தான். இங்கே டாலர் வாங்கும்போதும் கொஞ்சம் போகும், அதை மறைக்கவில்லை, இருந்தாலும் பாங்காக்கில் ராட்சதம்ரி பக்கம் உள்ள சூப்பர்ரிச் என்ற பணம் மாற்றும் கடைகளில் 100 டாலர் நோட்டுக்குக் கிடைக்கும் விலை அதை ஓரளவு ஈடுகட்டிவிடும். பாஸ்போர்ட் கேட்பார்கள், சில்லறை டாலர் நோட்டுக்கு விலை குறையும், கிழிசலோ கிறுக்கலோ இருந்தால் வாங்க மாட்டார்கள். ரூபாயைக் கொண்டுபோய் அங்கே மாற்றுவது வீண். சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியவுடன் மாற்றியே ஆகவேண்டுமென்றால் மேலே உள்ள வங்கிக் கவுன்ட்டர்களைத் தாண்டி, ரயில் ஏறும் அடித்தளத்துக்கு இறங்குங்கள், விலை நன்றாக இருக்கும்.

மொத்தத்தையும் ஒரே பையில் வைக்க பயமாக இருக்கிறதா? பாதியை டாலராகவும் மீதிக்கு மார்க்அப் இல்லாத கார்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்ய வேண்டும். 2020 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிக்குப் பின் புதிய கார்டுகளில் அது தானாக வருவதில்லை.