பெங்களூரு எஸ்பி ரோட்டுல வாங்கின பட்டன் போன், மூணு மாசம் கழிச்சு

பேரம் பேசி 1,400 ரூபாய்க்கு வாங்குனேன். வாட்ஸ்அப் இல்ல, மெயில் இல்ல, அதுக்காகவேதான் வாங்குனதே. ராத்திரி 8 மணி ஆனா ஸ்மார்ட்போன ஆஃப் பண்ணி பீரோல போட்டுட்டு இத எடுத்துக்கிட்டு அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கப் போயிடுவேன், நம்பர் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் மட்டும்தான் தெரியும். மொத வாரம் மேனேஜர் கனவுலயே வந்துட்டாருன்னா பாத்துக்கங்க.

சார்ஜ் நாலு நாள் நிக்குது, சவுண்டு கணீர்னு இருக்கு. தமிழ் மெசேஜ் மட்டும் கட்டம் கட்டமா தெரியுது.

டூட்டி முடிஞ்சா ஆபீஸ் போன எடுக்காம இருக்குற உரிமைய பிரான்ஸ் 2017லயே சட்டத்துல சேத்துருச்சு, ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்ட்ல. நம்ம பார்லிமென்ட்ல எம்பி சுப்ரியா சுலே இதுக்காக தனிநபர் மசோதா (அரசு சார்பா இல்லாம எம்பி தானா கொண்டார்றது) கொண்டாந்தாங்க, சட்டம் ஆகல. கர்நாடகா கடைகள் சட்டத்துல ஒரு நாளைக்கு 9 மணி நேரம், அதுக்கு மேல ஓவர்டைம்னா டபுள் சம்பளம்னு 1961லயே எழுதிட்டாங்க, ஆனா ராத்திரி 11 மணிக்கு வர்ற "ஒரு சின்ன டவுட்டு ப்ரோ" எந்தக் கணக்குல வரும்னுதான் தெரியல.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். டார்ச் பாக்கெட்டுக்குள்ள தானா எரியுது, அதுக்கு ஒண்ணு கொறச்சுட்டேன்.