14416: துணை நிற்பவர்களுக்கும் உரிய அழைப்பு எண்

மனநல உதவிக்கான 14416 என்ற கட்டணமில்லா எண்ணைப் பற்றிய அறிவிப்புகள் பெரும்பாலும் துன்பத்தில் இருப்பவரை நோக்கியே பேசுகின்றன. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயுள்ள ஒருவனுக்கு அக்காவாகவும், மேல்நிலைப் பள்ளி ஆசிரியையாகவும் இருந்து இச்சேவையைப் பயன்படுத்தியவள் என்ற முறையில், நோயுற்றவருக்கு எவ்வளவு உதவுகிறதோ அதற்குச் சற்றும் குறையாமல் உடன் இருப்பவருக்கும் இது உதவுகிறது என்றே சொல்வேன். இந்தச் செய்திதான் இன்னும் பலரைச் சென்று சேரவில்லை.

இந்த எண் ஒன்றிய அரசின் டெலி மனஸ் என்ற தொலைபேசி மனநலத் திட்டத்துக்கு உரியது. அத்திட்டம், உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று, 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் இதற்கு வழிகாட்டுகிறது. தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் நடைபெறுகிறது. எந்த நேரத்திலும் அழைக்கலாம். மொழியைத் தேர்ந்தெடுத்தவுடன் முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். அவருடைய அளவில் தீராத சிக்கல் என்றால் மனநல மருத்துவர் முதலிய வல்லுநர்களிடம் அழைப்பு போகும், அல்லது நேரில் எங்கே செல்ல வேண்டும் என்று வழிகாட்டுவார்கள்.

சில ஆண்டுகள் ஒழுங்காக மாத்திரை எடுத்துக்கொண்டு அச்சகத்தில் வேலைக்கும் போய்க்கொண்டிருந்த என் தம்பி, எல்லாம் சரியாகிவிட்டது என்று தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டான். இரவெல்லாம் கூடத்தில் நடந்துகொண்டிருந்தான்; சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். மாத்திரையைப் பொடி செய்து பாலில் கலந்து கொடுத்துவிடலாமா என்று அம்மா கேட்டார். இப்படிப்பட்ட வீடுகளில் எழாத கேள்வி அல்ல இது. ஆனால் அதை யாரிடம் கேட்பது? தொடக்கத்தில் அவனுக்குச் சிகிச்சை அளித்த ஒரு தனியார் மருத்துவமனையில், நோயின் பெயரைக்கூட எங்களுக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை.

14416இல் பேசிய ஆலோசகர் அம்மாவின் எண்ணத்தைப் பழிக்கவில்லை. உணவில் ஏதோ கலந்திருக்கிறது என்று ஏற்கெனவே ஐயப்படுபவருக்கு அது உண்மை என்று தெரிய வந்தால், மருந்தின் மீது மட்டுமல்லாமல் வீட்டின் மீதும் நம்பிக்கை போய்விடும் என்று பொறுமையாக விளக்கினார். அன்றாடம் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி மருந்தும் உண்டு என்றும், அது தம்பிக்குப் பொருந்துமா என்பதை அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள் என்றும் சொன்னார். அதன்பின் அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை: “நீங்களும் அம்மாவும் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?” அந்த அழைப்பின் பிற்பகுதி முழுவதும் எங்கள் இருவரைப் பற்றியதாகவே இருந்தது.

ஓயாமல் குறைகூறுவதும், வெறுப்பைக் காட்டுவதும், அளவுமீறிப் பொத்திப் பொத்திக் காப்பதும் மிகுந்த வீடுகளில் இந்நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது மனநல மருத்துவத்தில் நெடுங்காலமாக நிலைபெற்ற கருத்து. அதைக் குடும்பத்தின் மீது பழி விழாத வகையில் சொல்வதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை அந்த ஆலோசகரிடம் இருந்தது. 2001 ஆகஸ்டு 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் சிக்கி இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டுச்சென்ற குடும்பங்களைக் குறைசொல்வது எளிது. மருந்து எங்கே கிடைக்கும், எப்படிப் பேச வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச்சொல்ல அந்தக் குடும்பங்களுக்கு ஒருவரேனும் கிடைத்திருப்பார்களா என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

பள்ளியில் ஏற்பட்ட தேவை வேறு விதமானது. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில், ‘நான் இல்லாவிட்டால் வீட்டில் ஒரு செலவு குறையும்’ என்று சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள். அவள் பெயரைச் சொல்லாமலேயே நான் 14416இல் ஆலோசனை கேட்டேன். பெயரைச் சொல்லும்படி அவர்களும் வற்புறுத்தவில்லை. சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று சொன்னார்கள். அந்தத் தாளை ஆசிரியர் அறையில் யாரிடமும் காட்ட வேண்டாம், அன்று மாலை அவளைத் தனியே வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், பெற்றோரை அழைத்துப் பேசும்போது படிப்பைப் பற்றிய புகாரில் தொடங்க வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள்.

“யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மாணவருக்கு வாக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்கள். ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தல் நடந்ததாகக் குழந்தை சொன்னால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தொலைபேசி வழியாகக் கிடைப்பது முதல் உதவிதான். தம்பியின் நோய் போன்றவற்றுக்குத் தொடர் சிகிச்சை வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ வேறு மருத்துவரிடமோ நேரில் சென்றாக வேண்டும், வரத் தயங்கும் நோயாளியை அங்கே அழைத்துச் செல்லும் பாடு முழுவதும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. ஒரே அறையில் அனைவரும் வாழும் வீட்டில், கைப்பேசி அப்பாவிடம் இருக்கும்போது, ஒரு மாணவி யாருக்கும் கேட்காமல் எப்படிப் பேசுவாள்? அவள் சார்பில் ஆசிரியர் அழைக்கலாம் என்பதையேனும் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் சொல்லித்தர வேண்டும். சுவரொட்டி ஒட்டினால் மட்டும் போதாது. காது கேளாதவர்களுக்கு இந்தக் குரல்வழிச் சேவை எவ்வகையிலும் போதுமானதன்று.

ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2020 ஜூலையில் தொடங்கிய மனோதர்ப்பண் என்ற மனநல ஆதரவுத் திட்டம் மாணவர், ஆசிரியர், குடும்பத்தினர் என்ற மூவரையும் பெயர் சொல்லியே அழைக்கிறது. அதன் எண் 8448440632. ஆயினும், நள்ளிரவிலும் தமிழில் பேசலாம் என்பதால் எனக்குக் கைகொடுப்பது 14416தான். சென்னையில் இருப்பவர்கள், மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பங்களோடு நெடுங்காலம் பணியாற்றிய அனுபவம் அவர்களுக்கு உண்டு. தற்கொலைத் தடுப்புக்கென்றே 1986 முதல் இயங்கிவரும் சிநேகா அமைப்பும் அங்கே இருக்கிறது.

அழைப்பதற்கு முன், மாற்றம் எப்போது தொடங்கியது, தூக்கமும் உணவும் எப்படி இருக்கின்றன, எந்த மாத்திரை எந்த அளவில் கொடுக்கப்பட்டது என்பவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பேச்சு தடுமாறாமல் போகும். ஆனால், பூச்சிமருந்தையோ மிகுதியான மாத்திரைகளையோ உட்கொண்டுவிட்டவரை வைத்துக்கொண்டு ஆலோசனை கேட்க நேரமில்லை. உடனே 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று அஞ்சி அந்த நேரத்திலும் தயங்கும் குடும்பங்கள் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவர்மீது விசாரணையோ தண்டனையோ கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கும் கடமையை அரசின் மீதே சுமத்துகிறது.